சிவப்புக் கண் நீக்காத படம்

தம்பி பிரதீப்,

நேற்று நீ போனில் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. பொகவந்தலாவை டவுனில் உன் ஆட்டோவின் முன்சீட்டில் என் பேத்தி தனு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் இரண்டு வயது முடியவில்லை, ஹேண்டிலைப் பிடித்திருக்கிற தோரணையைப் பார்த்தால் உனக்கே லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவள் மாதிரி இருக்கிறது. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். படத்துக்குக் கீழே, "நல்லா பாத்துக்கங்கம்மா. கண்ணு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. இனிமே அந்தப் பேச்ச எடுக்காதீங்க" என்று எழுதியிருந்தாய். எழுதிவிட்டுப் போனையும் அணைத்துவிட்டாய். அதற்கு முன்பும் நான் அந்தப் பேச்சைத் தொடங்கினாலே லைன் போய்விடும். மலையில் சிக்னல் இல்லை என்று சொல்லுவாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். கோபத்தில் நீ இதைக் கிழிக்கலாம், ஆனால் வாசிக்காமல் கிழிக்கிற பிள்ளை இல்லை நீ. பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக்கூட ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மரக்கறி லொறியில் அட்டன் பக்கம் வருகிற உன் சிநேகிதன் சுதாகரன் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் வரும். உள்ளே இருப்பது நம் பிள்ளைக் காம்பராவின் கேமரா. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளை வேலை முடியும்வரை பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குக் கேமரா எதற்கு என்று நீதான் முன்பு கேலி செய்வாய். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், விளையாடுகிறார்கள், நிறை பார்க்கிறார்கள் என்று மாதாமாதம் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு நிறுவனத்தார் கொடுத்தது. அவர்கள் போய் வெகுகாலமாகிவிட்டது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான், பென்டோர்ச் பேட்டரி போட்டால் வேலை செய்யும்.

அதைக் கொடுத்த பெண் ஒரு மதியம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய தமிழ் கொழும்புத் தமிழ், கேமராவில் இருந்தது ஆங்கிலம், இரண்டுமே எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கின. நல்ல வேளையாகப் பொத்தான்களில் எழுத்தைவிடச் சித்திரம் அதிகம். பூப் போட்டிருந்தால் கிட்டே வைத்து எடுக்க, மலை போட்டிருந்தால் தூரத்துக்கு. ஓடுகிற மனிதன் போட்டது ஓடுகிற பிள்ளைகளுக்கு. எனக்கு எந்நேரமும் அதுதான் தேவைப்பட்டது. மணிக்கூடு போட்டது, அழுத்திவிட்டு நாமே ஓடிப்போய் வரிசையில் நின்றுகொள்ள. அதை நம்பி உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உன் அப்பா ஓடிவந்தாரே, நினைவிருக்கிறதா? லயத்து வாசலில் தண்ணீர் ஓடுகிற கானில் கால் இடறி விழுந்தார். படத்தில் நாமெல்லாம் வாயைப் பிளந்து ஒரே பக்கம் பார்க்கிறோம், அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் ஓரத்தில் கிடக்கிறது. அவர் போன பிறகு வீட்டில் இருக்கிற படங்களில் நான் அதிகமாக எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

மின்னல் போட்டது பிளாஷ். மின்னலோடு ஒரு கண்ணும் வரைந்திருந்தால் அது சிவப்புக் கண்ணை நீக்குவது. இருட்டான இடத்தில் பிளாஷ் அடித்தால் மனிதருக்குக் கண்மணி சிவப்பாக விழும். அப்படி விழாமல் இருக்க, இந்தக் கேமரா முதலில் ஒரு சின்ன வெளிச்சம் அடித்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் பெரிய வெளிச்சத்தை அடிக்கும். பெரியவர்களுக்கு அது சரி. என் பிள்ளைகளோ முதல் வெளிச்சத்தோடு படம் முடிந்தது என்று எழுந்து நடையைக் கட்டிவிடுவார்கள். முதுகையும் பின்மண்டையையும் எத்தனை மாதம்தான் அனுப்புவது? கடைசியில் அந்தக் கண் சித்திரத்தை எடுத்துவிட்டு வெறும் மின்னலிலேயே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் படங்களில் எல்லாப் பிள்ளைக்கும் சிவப்புக் கண்தான். "என்னா ஆயாம்மா, எம்புள்ளைய பேய்க்குட்டியா ஆக்கிட்டீங்க" என்று தாய்மார் சண்டைக்கு வருவார்கள். நானும் சிரித்துச் சமாளிப்பேன். இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாக வாசி.

தனு பிறந்தபோது ஒரு வயது முடியும்வரை படம் எடுக்கவே கூடாது, ஆயுசு குறையும் என்று உன் மாமியார் சட்டம் போட்டார். நீயும் நிரோஷாவும் அப்போது என்னோடு ராகலையில்தான் இருந்தீர்கள். பேத்தியைப் படம் எடுக்க எனக்குக் கை பரபரத்தாலும் மீறவில்லை. முதல் பிறந்தநாள் அன்றுதான் எடுத்தேன். மூடுபனி இறங்கி வீட்டுக்குள் மங்கலாக இருந்தது, பிளாஷ் அடித்தது. ராகலை ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து உனக்குத் தந்தேன். இன்று நீ எடுத்துப்போய்ப் பொகவந்தலாவையில் உன் மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாயே, அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சட்டத்தைக் காட்டி, பிறந்தநாளில் கண் பளிச்சென்று இருந்தது, இடையில் யாரோ என்னவோ செய்துவிட்டார்கள், மருந்து போட்டால் பழையபடி வந்துவிடும் என்று சொல்கிறாயாம். நான் போன வாரம் அந்த ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டேன். அந்த மனிதர் ஒளிக்கவில்லை. "செவப்பா இருந்தா நாங்களே கம்ப்யூட்டர்ல கறுப்பு வச்சிருவோம் அக்கா. பார்ட்டி கேக்கவே தேவல்ல. ஒங்க படத்துல ஒரு கண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ள. ரெண்டுக்கும் வச்சுட்டேன்" என்றார். தம்பி, நீ சுவரில் காட்டுகிற அந்தக் கறுப்புக் கண்மணி அவர் வைத்த புள்ளி.

எனக்கும் அப்போது தெரியாது. கேமராவின் திரை தீப்பெட்டி அளவுதான், கேக்கையும் பலூனையும் பார்த்தேனே தவிரக் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு சிறுவர் தினத்தன்று பிள்ளைக் காம்பராவில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து எடுத்தேன். வெளியே நல்ல மழை, கரண்டும் இல்லை. யாராவது கண்ணை மூடிக்கொண்டார்களா என்று பார்க்க ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினேன். எல்லாரும் என் வழக்கமான பேய்க்குட்டிகள், இரண்டு கண்ணும் சிவப்பு. தனுவுக்கு வலது கண் சிவப்பு, இடது கண் மட்டும் தயிர் வைத்த மாதிரி வெள்ளை. லென்ஸில் ஈரம் என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி எடுத்தேன். அதே வெள்ளை. அவளைத் தூக்கி வரிசையின் மறு முனையில் உட்கார வைத்து எடுத்தேன். வெள்ளையும் அவளோடு மறு முனைக்குப் போனது. அவளோ பிளாஷ் அடிக்கும்போதெல்லாம் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மறுநாள் வெயிலில் நீ அவளை வாசலில் நிறுத்தி உன் போனில் ஒரு படம் எடுத்து, "ஒங்க கேமராவ கொண்டுபோய் மியூசியத்துல வைங்கம்மா" என்று சிரித்தாய். வெயிலில் கண்மணி சுருங்கி இருக்கும், உள்ளே வெளிச்சம் போகாது. பிளாஷ் அடித்தாலும் உன் போன் சிவப்பையோ வெள்ளையையோ கண்டால் தானாகவே துடைத்துவிடும், முகத்துப் பருவைத் துடைக்கிற மாதிரி. மிட்வைஃப் மிஸ்தான் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். நுவரெலியாவிலிருந்து கொழும்பு. அங்கே டாக்டர் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டபோது, நான் கேமராவிலேயே பிறந்தநாள் படத்தை எடுத்து, பெரிதாக்கிக் காட்டினேன். அதில் அன்றைக்கே வெள்ளை இருக்கிறது. டாக்டர் பார்த்தார், நிரோஷா பார்த்தாள். உன்னையும் கூப்பிட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பிறகு டாக்டர் சிங்களத்தில் பேசினார், நீ எங்களுக்குத் தமிழில் சொன்னாய். கண்ணுக்குள் ஒரு கட்டி இருக்கிறதாம், அந்தக் கண்ணால் இப்போதே பார்வை இல்லையாம், கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைப்பார்களாம், வலது கண் சுகமாக இருக்கிறதாம். இவ்வளவுதான் நீ சொன்னது. நிரோஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ மறந்துபோனது ஒன்று, கடையிலும் பஸ்ஸிலும் இத்தனை வருஷம் காலம் தள்ளிய எனக்கும் சிங்களம் விளங்கும். டாக்டர் முதலில் பேசியது கண்ணைப் பற்றி இல்லை. 'ஜீவிதே' என்றுதான் தொடங்கினார், பிள்ளையின் உயிரைப் பற்றி. கட்டி நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும், இப்போது எடுத்தால் பிள்ளை பிழைப்பாள், தள்ளிப்போட்டால் பிறகு வந்து தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நீ அதை விழுங்கிவிட்டாய். உன் பொஞ்சாதி தாங்கமாட்டாள் என்று விழுங்கினாயோ, நீயே காதில் வாங்கவில்லையோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கே நான் நிரோஷாவிடம் சொல்லப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்து, "அம்மா, ஒங்க கால்ல விழுறேன், இப்ப வேணாம்" என்றாய். உன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் பிள்ளையை வார்டிலிருந்து தூக்கிக்கொண்டு, நிரோஷாவோடு நேரே பொகவந்தலாவைக்கு உன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாய். இன்றுவரை நிரோஷா, போகப்போவது ஒரு கண் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒத்தக் கண்ணோட ஒரு பொம்பளப் புள்ளைய எப்பிடிம்மா வளக்குறது? ஸ்கூல்ல என்னா பேரு வைப்பாங்க? நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று நீ கேட்டாய். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். நம் ஆட்களின் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். ஆனால் உன் இடது கையை ஒரு தரம் நீட்டிப் பார். முழங்கையிலிருந்து நேராக வராது. கொய்யா மரத்திலிருந்து விழுந்தபோது உனக்கு ஏழெட்டு வயது. ஆஸ்பத்திரியில் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். கத்தி வைத்தால் பிள்ளை கையே போய்விடும் என்று உன் அப்பா பயந்து, கந்தப்பளைப் பக்கம் முறிவு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அவரோடு சண்டை போட்டேன், லயமே கேட்க அழுதேன், பஸ் ஏறும்வரை பின்னால் போனேன். தோற்றுப்போனேன். கை கோணலாகக் கூடியது. உன் அப்பா பாசத்தில்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சாகும்வரை அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நொந்தார். அந்தக் கோணல் கையைப் பார்த்துத்தானே நிரோஷா உன்னைக் கட்டிக்கொண்டாள்? பொண்ணு பார்க்கப் போன அன்று அவளுடைய சித்தி கையைப் பற்றிக் கேட்டதும், "அவரு கை அவருக்குப் போதும் சித்தி" என்று உள்ளேயிருந்து சொன்னவள் அவள்தான். கைக்கு ஒரு கோணலோடு போயிற்று. இது கை இல்லை, தம்பி.

இப்போது யாரோ சாமி பார்க்கிறவர் கொடுத்த இலைச் சாற்றைத் தினமும் அந்தக் கண்ணில் விடுகிறாயாம். பிள்ளை உதைத்துக்கொண்டு அழுகிறாளாம். நிரோஷாவே சொன்னாள். முந்தாநாள் நீ வெளியே போயிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் போனில் என்னைக் கூப்பிட்டாள். அவளைத் திட்டாதே, ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "மாமி, அவ சோத்து கை பக்கத்துக் கண்ண வெளாட்டுக்குப் பொத்துனா பயந்து கத்துறா. மத்தத பொத்துனா பேசாம வெளாடுறா. அவரு சொல்ற மாதிரி அது சொகமாகுதுன்னா இது ஏன் மாமி?" பதில் எனக்குத் தெரியும், நீ பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அம்மா வரும் சத்தம் கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இனி பொதியைப் பிரி. புதுப் பேட்டரி போட்டிருக்கிறேன். மேலே உள்ள பொத்தானை அழுத்து, லென்ஸ் வெளியே வரும். மின்னல் பொத்தானில் கண் சித்திரம் இல்லாத வெறும் மின்னல்தான் இருக்கிறது, அதை மாற்றாதே. தனுவை வீட்டுக்குள் கொண்டுபோ, ஜன்னலைச் சாத்து, இருட்டில் அவள் கண்மணி கொஞ்சம் விரியட்டும். நிரோஷாவின் மடியில் உட்கார வை. சத்தம் போட்டு அவளைச் சிரிக்க வை, கேமராவையே பார்ப்பாள், வெளிச்சம் என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடி, பச்சை விளக்கு நின்று எரிந்ததும் முழுதாக அழுத்து. ஒரு படத்தை நம்பாதே, பார்வை ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் நல்ல கண்ணும் சில நேரம் வெள்ளையாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். நேரே பார்க்கிற மாதிரிச் சில படம் எடு. நிரோஷாவையும் அவள் பக்கத்தில் முகம் வைக்கச் சொல்லி எடு. பிறகு பூதக்கண்ணாடி போட்ட பொத்தானை அழுத்தி, தாயின் கண்ணையும் மகளின் கண்ணையும் பெரிதாக்கிப் பார். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பாதே. கேமராவுக்குள் இருக்கிற அதே மெமரி அட்டையில் பின்னோக்கிப் போனால் பிறந்தநாள் படமும் இருக்கிறது, யாரும் புள்ளி வைக்காதது. சுவரில் இருக்கிற சட்டத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்.

பார்த்தால் உனக்கு நெஞ்சு வெடிக்கும். எனக்கும் வெடித்தது. சிறுவர் தினத்தன்று பிள்ளைகளையெல்லாம் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகு, அந்தச் சின்ன நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தக் கண் என்னை எப்படிப் பார்க்கும், பால் கேட்கும்போது எப்படி உருளும் என்றெல்லாம் நினைத்து அழுதேன். அதை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கு ஒன்றும் லேசான காரியம் இல்லை. நீ அவளுடைய தகப்பன், உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நேரில் இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன், பிறகு கட்டிக்கொண்டிருப்பேன். நீ அவளை ஒளித்து வைத்திருக்கிறது ஆசையினால்தான். ஆனால் நாளாக நாளாக அந்தக் கட்டி வளர்கிறது, நீ எந்த வெளிச்சத்தில் படம் எடுத்தாலும் அது நிற்கப் போவதில்லை.

வார்டுக்குப் போன் எடுத்துப் பேசிவிட்டேன். அங்கே தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், நல்ல பிள்ளை. "திங்கக்கெழம காலையில கொண்டு வந்துருங்க அம்மா, டாக்டர் ஏசமாட்டாரு. அப்பா வரலன்னாலும் அம்மா சம்மதிச்சா போதும்" என்றார். நான் வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன், நுவரெலியாவில் மாறி, அட்டனில் மாறி, மத்தியானத்துக்குள் உன் மாமியார் வீட்டு வாசலில் நிற்பேன். அதற்கு முன் டாக்டர் சொன்னது முழுவதையும் நீயே நிரோஷாவிடம் சொல்லிவிடு. உன் வாயால் கேட்டால் உன் தோளில் சாய்ந்து அழுவாள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன், இந்த முறை நீ என் காலில் விழுந்தாலும் சொல்லுவேன். கேட்ட பிறகு அவள் என்ன முடிவெடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவள் தாய்.

ஞாயிற்றுக்கிழமை அட்டனில் கொழும்பு ரயில் ஏறுகிறோம். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையும் தொப்பியும் எடுத்து வை, ஸ்டேஷனில் குளிரும். நீ வந்தால் தனு உன் மடியில் உட்கார்ந்து வருவாள். வராவிட்டால் என் மடியில்.

அம்மா